சோதனைக்கு உடன்பட்டவர்கள்: இந்தியாவின் எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுகள், 2005–2009

இந்தியாவில் நடந்த எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது: மூன்று முறை முயன்றார்கள், தடுப்பூசி கிடைக்கவில்லை. அந்த வரியில் பிழையில்லை. ஆனால் அவ்வாய்வுகளை மருந்தின் வரலாற்றில் மட்டும் வைத்துப் படிப்பதால் வரும் குறை அது. அரசுக்கும் குடிமக்களின் உடலுக்கும் இடையிலான உறவின் வரலாற்றில் வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படும்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக உறுதியானது அப்போதுதான். தொற்று கண்டறியப்பட்டவர்கள் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள், காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள். அத்தகைய இடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல எவருக்கு இயலும் என்பது இன்றும் கேட்கத்தக்க கேள்வி. 1989-இல் கோவாவில் இரத்த தானம் செய்துவந்த டொமினிக் டிசூசாவுக்குத் தொற்று இருப்பது தெரியவந்ததும், மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அவர் 64 நாட்கள் தனிமையில் அடைத்துவைக்கப்பட்டார். கைவிடப்பட்ட காசநோய் மருத்துவமனை ஒன்றே அவருக்குச் சிறையாயிற்று. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் அறிமுகமான எய்ட்ஸ் தடுப்பு மசோதாவும் இதே மனப்போக்கில் எழுதப்பட்டதுதான். கடும் எதிர்ப்புக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது.

இத்தகைய அரசு பதினாறு ஆண்டுகளில் நலமுள்ள மனிதர்களிடம் சென்று உடன்பாடு கேட்க வேண்டிய நிலைக்கு வந்தது. காரணம் வைரஸின் வகை. 1990களில் தடுப்பூசி நிறுவனங்கள் பெரிதும் கவனம் செலுத்தியது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய ‘பி’ வகையில். இந்தியாவில் மிகுதியாக இருப்பதோ ‘சி’ வகை. சந்தை தானாகத் தேடிவராத இடத்தில் அரசு நுழைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் பன்னாட்டு எய்ட்ஸ் தடுப்பூசி முனைவுடன் கைகோத்தன. முதல் ஆய்வு 2005 பிப்ரவரியில் புனேயின் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொடங்கியது. தன்னார்வலர்கள் 30 பேர். இரண்டாவது, 2006 ஜனவரியில் சென்னை சேத்துப்பட்டின் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், 32 பேருடன். சென்னையில் பயன்பட்டது இந்திய ‘சி’ வகை வைரஸின் மரபணுப் பகுதிகளை ஏந்திய தடுப்பூசி. அவற்றைச் சுமந்தது பெரியம்மைத் தடுப்பூசி வைரஸின் வலுவிழந்த வடிவம். கிண்டி கிங் நிறுவனத்தில் ஒரு காலத்தில் பெரியம்மைத் தடுப்பூசி தயாரித்த ஊருக்கு இது முற்றிலும் அயலான பொருள் அன்று.

இந்த ஊசியால் எவருக்கும் எச்.ஐ.வி. வராது, அதில் முழு வைரஸ் இல்லை. இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. தடுப்பூசி வேலை செய்தால் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகும். வழக்கமான எச்.ஐ.வி. பரிசோதனை தேடுவதும் அந்த எதிர்ப்பொருள்களைத்தான். ஆகவே, தொற்றே இல்லாத ஒருவர் பரிசோதனைத் தாளில் தொற்றுள்ளவராகத் தோன்றக்கூடும். இரத்த தானத்திலும், அறுவைக்கு முந்தைய சோதனையிலும், வளைகுடா வேலைக்கான மருத்துவச் சான்றிலும் அந்தத் தாள் அவர் முன் வந்து நிற்கலாம். வைரஸையே நேரடியாகத் தேடும் வேறு பரிசோதனையால்தான் உண்மையை நிறுவ முடியும். டிசூசாவை அடைத்துவைத்ததும் ஒரு பரிசோதனை முடிவே என்பதை நினைத்தால் தன்னார்வலர்கள் எதற்கு உடன்பட்டார்கள் என்பது விளங்கும். ஆய்வு, இரத்தப் பரிசோதனை, துன்பம் ஆகிய மூன்றுக்கும் தமிழில் ‘சோதனை’ என்ற ஒரே சொல் வழங்குகிறது. உடன்பாட்டுப் படிவத்தைத் தமிழில் விளக்குபவருக்கு அது எளிய சொல் அன்று.

முதல் கட்ட ஆய்வு கேட்கும் முதன்மைக் கேள்வி ‘இது பாதுகாப்பானதா’ என்பதே. அதற்கு இரு நகரங்களிலும் சாதகமான விடை கிடைத்தது. நோயெதிர்ப்பு விளைவுதான் மிதமாக நின்றது. 2009-இல் இரு நகரங்களையும் இணைத்து, டி.என்.ஏ. தடுப்பூசியையும் சென்னையில் சோதித்த தடுப்பூசியையும் அடுத்தடுத்துச் செலுத்தும் மூன்றாம் ஆய்வு தொடங்கியது. பயன் தருமா என்று அறியும் பெரிய ஆய்வுக்கு இம்முயற்சிகள் வளரவில்லை. அத்தகைய ஆய்வின் அளவை அதே 2009-இல் முடிவு வெளியான தாய்லாந்து ஆய்வு காட்டுகிறது: பங்கேற்றோர் 16,000-க்கும் மேல், கிடைத்த பாதுகாப்பு ஏறத்தாழ 31 விழுக்காடு. இதற்கிடையே, 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மையங்களில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியிருந்தது; 2007-இல் நாட்டில் தொற்றுடன் வாழ்வோரின் மதிப்பீடு 50 இலட்சத்துக்கும் மேலிருந்து ஏறத்தாழ 25 இலட்சமாகத் திருத்தப்பட்டது. தடுப்பூசியின் அவசரம் குறைந்ததில் இவ்விரண்டுக்கும் பங்குண்டு எனக் கருதலாம்.

புனேயிலும் சென்னையிலும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அன்று காப்பாக இருந்தவை மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2000-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், நெறிமுறைக் குழுக்களும், ஆய்வாளர்கள் கொடுத்த வாக்குமே. பரிசோதனைக்கு உடன்பாட்டைக் கட்டாயமாக்கி, அதன் முடிவைக் காட்டி வேலையோ சிகிச்சையோ மறுப்பதைத் தடைசெய்த எச்.ஐ.வி. சட்டம் 2017-இல்தான் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வந்த 2018 செப்டம்பரில், சென்னை ஆய்வு தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.