தாது வருடப் பஞ்சமும் பக்கிங்ஹாம் கால்வாயும்

சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் செல்வோர் சன்னலுக்குக் கீழே பார்த்தால் கரிய நீர்த்தடம் ஒன்று தெரியும். ரயில் பாதையின் தூண்கள் அந்த நீரில்தான் ஊன்றப்பட்டிருக்கின்றன. திருவல்லிக்கேணியிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்கும் அது சாக்கடை. நூறாண்டுகளுக்கு முன் அதன் மீது பாய் விரித்த படகுகள் சென்றன என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கித் தமிழ்நாட்டின் மரக்காணம் வரை, கடலுக்கு இணையாக ஏறத்தாழ 420 கிலோமீட்டர் செல்கிறது. வடக்கே கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுக் கால்வாய்களையும் சேர்த்துக்கொண்டால் காக்கிநாடா வரை நீளும் இந்நீர்வழியின் மொத்த நீளம் 796 கிலோமீட்டர். நகரத்துக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய இக்கால்வாய், நகர எல்லையைத் தாண்டியதும் உப்பளங்களுக்கும் கழிமுகங்களுக்கும் நடுவே அகன்று கிடக்கிறது. அங்கே செல்வதற்குச் சொந்த வாகனம் தேவையில்லை. அரசுப் பேருந்து போதும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. விடுமுறை என்றாலே வணிக வளாகம் என்று பழகிவிட்ட நம் குடும்பங்கள் ஒரு நாளை இக்கரையில் கழிக்கலாம். ஆனால் போகுமுன் அக்கரையின் கதையை அறிந்துகொள்வது நல்லது.

கால்வாயின் முதற்பகுதி 1806ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டது. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் முதலீட்டில் உருவானதால் அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. 1837இல் அரசு அதனைத் தன்வசம் எடுத்துக்கொண்டு இரு திசைகளிலும் நீட்டித்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளின் விறகும், பழவேற்காட்டு ஏரியின் கிளிஞ்சலும், நெல்லும், உப்பும் இதன் வழியாகவே சென்னைக்கு வந்தன. நகரத்தின் அடுப்பு எரிந்ததும் அதன் சுவர்களுக்குச் சுண்ணாம்பு கிடைத்ததும் இக்கால்வாயால்தான். காற்று வாய்த்தால் பாய். இல்லையேல் படகோட்டிகள் நீண்ட கழியால் ஊன்றித் தள்ளினர், அல்லது கரையில் இறங்கிக் கயிற்றால் இழுத்துச் சென்றனர். இன்று நாம் உலாவ விரும்பும் கரை, அவர்கள் தோளில் கயிறு அழுந்த நடந்த பாதை. ரயில் எட்டாத ஊர்களுக்குப் படகு அன்று செய்த பணியையே பின்னாளில் பேருந்து ஏற்றுக்கொண்டது.

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரம் மட்டும் நெடுங்காலம் இணைக்கப்படாமல் இருந்தது. வடக்கே ஒரு கால்வாய், தெற்கே ஒரு கால்வாய், நடுவே நகரம். அந்த இடைவெளியை நிரப்பியது பஞ்சம்.

1876இல் பருவமழை பொய்த்தது. மூத்தோர் வாயில் தாது வருடப் பஞ்சம் என்று வழங்கும் அக்கொடுமை 1878 வரை நீடித்தது. தென்னிந்தியாவில் மாண்டோர் தொகையை ஆய்வாளர்கள் பல லட்சங்களில் கணக்கிடுகின்றனர். தானியம் அறவே இல்லாமற் போனதால் வந்த சாவு அன்று அது. விலை ஏறிக்கொண்டே போயிற்று, ஏற்றுமதியும் நிற்கவில்லை. பசித்தவர்களுக்கு நிவாரணம் வழங்க அரசு கண்ட வழி, வேலை வாங்கிக் கூலி கொடுப்பது. கூவம் – அடையாறு இணைப்பு அத்தகைய நிவாரணப் பணியாக 1877–78இல் வெட்டப்பட்டது. பட்டினியால் ஊரை விட்டு நகரம் நோக்கி வந்தவர்கள் மண்வெட்டி பிடித்தனர்.

அந்தக் கூலியின் கணக்கு பதிவாகியுள்ளது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் நிர்ணயித்த அளவு, வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதனினும் குறைவு. நாள் முழுவதும் மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில வாரங்களில் மாகாண அரசு சிறிது தானியமும் பருப்பும் கூட்டியது. உழைப்பாளியின் கூலியைத் தாமதிக்கவே கூடாது என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கூலியையே பசியின் விளிம்பில் அளந்து வைத்த இந்த ஆட்சிமுறையைப் படிக்கையில் நெஞ்சு பொறுப்பதில்லை.

வேலை முடிந்ததும் கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நவாபுகளின் சேப்பாக்கம் அரண்மனைப் பக்கமாக, நம் மக்கள் அடர்ந்து வாழும் திருவல்லிக்கேணியின் ஓரமாகச் செல்வது அந்தப் பஞ்சப் பகுதிதான். அங்கே இன்று நடப்பதற்குரிய கரை பெரிதாக இல்லை. 1965, 1966 புயல்களுக்குப் பின் படகுப் போக்குவரத்து நலிந்தது, கழிவுநீர் பெருகியது, 1990களில் ரயில் தூண்கள் எழும்பின. கரையோரம் குடிசை கட்டி வாழ்ந்தவர்களில் பலர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். ஆகவே அந்தப் பகுதியை ரயிலிலிருந்து பார்த்துக்கொண்டு, நடப்பதற்கு வெளியே செல்வோம்.

தெற்கே கேளம்பாக்கத்துக்குப் பேருந்துகள் நிறைய. அங்கே இறங்கிக் கோவளம் சாலையில் கிழக்கு நோக்கி நடந்தால் ஐந்தாறு கிலோமீட்டரில் கடல். இருபுறமும் உப்பளங்கள். இடையில் பாலத்தின் கீழ் கால்வாயும் கழிமுகமும் வந்து சேரும். குளிர்காலமாயின் வலசைப் பறவைகளைக் காணலாம். நிழல் அறவே இல்லை; எனவே ஃபஜ்ர் தொழுத கையோடு புறப்படுவது உத்தமம். உப்பள வரப்புகள் தொழிலாளரின் பணியிடம் என்பதால் கேளாமல் அவற்றில் இறங்கக் கூடாது. பிள்ளைகளை வாகனங்கள் விரையும் சாலையோரத்தில் கையைப் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும். கோவளம் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கான் காலத்தில் துறைமுகமாக விளங்கிச் சஆதத் பந்தர் எனப் பெயர் பெற்ற ஊர். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என மக்கள் மரபாகக் கூறும் தர்ஹா அங்கே கடலோரத்தில் உள்ளது. திரும்புவதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் – சென்னைப் பேருந்துகள் உண்டு.

வடக்கே செல்வோர் பொன்னேரி வரை மின்சார ரயிலிலும், அங்கிருந்து பேருந்திலும் பழவேற்காட்டை அடையலாம். செங்குன்றத்திலிருந்தும் பேருந்து உண்டு. நாம் வீட்டில் உடுத்தும் கைலியின் வரலாற்றில் இவ்வூருக்குப் பங்குண்டு. இப்பகுதியின் கட்டம் போட்ட துணி கீழை நாடுகளுக்குக் கப்பலேறியது. மலேசியாவில் இன்றும் அதற்குப் பெயர் ‘காயின் பெலிகாட்’. பெலிகாட் என்பது பழவேற்காடேதான்.

துணியோடு மனிதர்களும் ஏற்றப்பட்டனர் என்பதை ஊரைச் சுற்றிக் காட்டுவோர் அதிகம் சொல்வதில்லை. 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளை வாங்கிப் பத்தேவியாவுக்கு அனுப்பினர். பஞ்ச ஆண்டுகளில் அவ்வியாபாரம் பெருகியது. பசித்தவர்கள் பிள்ளைகளையும் தம்மையுமே விற்றனர். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக உள்ளது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள்; உள்ளே குலச்சின்னங்கள் பொறித்த பலகைக் கற்கள். வேலைப்பாடு வியக்கத்தக்கது. கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. சேப்பாக்கத்தில் மண் சுமந்தவர்களுக்கு இல்லாதது போலவே.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு ஏரிக்கரை வழியாக ஊருக்குள் நடந்தால் சின்னப் பள்ளிவாசல் வரும். மின்கடிகாரமும் கைபேசியும் வருமுன் தொழுகை நேரம் அறியப் பயன்பட்ட நிழற்கடிகாரம் அங்கே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதன் நிழலைக் காட்டி லுஹரும் அஸரும் எவ்வாறு கணிக்கப்பட்டன என்று விளக்கலாம். அஸரை அங்கேயே ஜமாஅத்துடன் தொழுதுகொண்டால் பொன்னேரிப் பேருந்துக்கு நேரம் சரியாக இருக்கும்.