மேலுறை இலையின் விலை

ஒரு பொருளின் தரத்தை அளந்தறிய மனிதன் கண்ட வழிகள் பல. பொன்னுக்கு உரைகல் உண்டு. தேயிலைக்கு நாக்கு உண்டு. உயர்வகைச் சுருட்டை மதிப்பிடுபவனோ கண், விரல், மூக்கு, நாக்கு ஆகிய நான்கையும் ஒருங்கே துணைகொள்கிறான்.

அவன் முதலில் நோக்குவது சுருட்டின் மேலுறை இலையை. நிறம் சீராக உள்ளதா, நரம்பு புடைத்துள்ளதா, புழு அரித்த துளை ஏதும் உண்டா என்று பார்ப்பான். பற்றவைத்தபின், நெருப்பு ஒருபுறம் சாயாமல் எரிகிறதா, சாம்பல் உதிராமல் நிற்கிறதா என்று கவனிப்பான். அதன் பின்னரே சுவை. இளம்பழுப்பு இலையைக் 'கிளாரோ' என்றும் கரும்பழுப்பு இலையை 'மதூரோ' என்றும் வழங்குவர். மதூரோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குக் கனிந்தது என்பது பொருள். தடித்த இலையைப் போராக அடுக்கி, நெடுநாள் மிகுந்த வெப்பத்தில் புழுங்கவைத்தால் அந்நிறம் ஏறும். கோக்கோவையும் காப்பியையும் நினைவூட்டும் மெல்லிய இனிப்பும் கூடும். கிளாரோவுக்குரிய இலையோ மெல்லியது. நெருப்பைச் சீராக ஏற்பது. உள்ளிருக்கும் இலையின் சுவையை மறைக்காதது.

நிறம் எதுவாயினும், சுருட்டில் சேரும் இலைகளுள் மேலுறை இலைக்கே விலை மிகுதி. மெல்லிய மேலுறை இலைக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த நிலம், மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், பினாங்கிற்கு எதிர்ப்புறத்தில் உள்ளது. வடகிழக்குச் சுமத்திராவின் டெலி என்பதே அந்நிலம்.

1863ஆம் ஆண்டில் யாக்கோபுஸ் நியென்ஹெயிஸ் என்னும் ஒல்லாந்தர் டெலியில் வந்திறங்கினார். சுல்தானிடம் நிலம் பெற்றுப் புகையிலை பயிரிட்டார். விளைந்த இலையைக் கண்ட ஒல்லாந்து நாட்டு வணிகர் அதன் மென்மையை வியந்தனர். 1869இல் டெலிக் கம்பெனி தோன்றியது. வாம்பு ஆற்றுக்கும் உலார் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலமே இவ்விலைக்கு மிகவும் ஏற்றது என்று கண்டனர். காடுகள் அழிந்தன, தோட்டங்கள் பெருகின. சிற்றூராக இருந்த மேடான், நகரமாக வளர்ந்தது.

அந்நிலத்தில் உழைத்தவர் யாவர்? தொடக்கத்தில் பினாங்கு வழியாகவும் சிங்கப்பூர் வழியாகவும் கொண்டுவரப்பட்ட சீனர்களே பயிர்த்தொழிலின் முதுகெலும்பாக இருந்தனர். பின்னர் ஜாவானியர் பெருந்தொகையாக வந்தனர். தமிழரும் சென்றனர். மாட்டுவண்டி ஓட்டுதல், வாய்க்கால் வெட்டுதல், சாலை அமைத்தல் ஆகியன அவர்கள் பங்காயின. மேடானில் அவர்கள் குடியேறிய பகுதி கம்போங் கெலிங் எனப் பெயர் பெற்றுப் பின்னாளில் கம்போங் மெட்ராஸ் ஆயிற்று. 1884இல் அங்கு எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் அவர்கள் வரலாற்றுக்குச் சான்றாக நிற்கிறது.

சீனத் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் ஒரு வயல் ஒதுக்கப்பட்டது. நாற்று நடுவதும், நீர் வார்ப்பதும், இலையின் அடியில் ஒளிந்திருக்கும் புழுவைக் கையால் பொறுக்குவதும் அவன் கடமை. முற்றிய இலையைப் பறித்து அவன் உலர்த்தும் கொட்டகைக்குக் கொண்டுசெல்வான். அங்கே ஐரோப்பியத் துரை இலையைப் பார்த்துத் தரம் பிரிப்பார். அவன் உழைத்த நாட்களையன்று, இலையின் தரத்தையே கணக்கிட்டுக் கூலி வகுக்கப்பட்டது. ஒரு துளை, ஒரு கீறல், நிறத்தில் ஒரு மாறுபாடு—இவை ஒவ்வொன்றும் அவன் கூலியைக் குறைத்தன. மதிப்பிடுபவரும் துரையே, விலை கொடுப்பவரும் துரையே. முன்பணக் கடனும் அபினியும் சூதாட்டமும் எஞ்சியதைக் கவர்ந்துகொண்டன. மீண்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பதன்றி அவனுக்கு வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை.

இலையோ ஆம்ஸ்டர்டாம் சென்றது. அங்கு பிரஸ்காட்டி என்னும் மாளிகையில் ஏலம் நடந்தது. பன்னாட்டு வணிகர் இலையைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, விலை குறித்தனர். இலையின் மாசு அனைத்தும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அதை விளைவித்தவன் முதுகின் தழும்பு தெரியவில்லை.

1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் சஞ்சிக் கூலிகளை ஒப்பந்தத்தால் பிணைத்தது. வேலையை விட்டு ஓடியவனும் வேலைக்கு மறுத்தவனும் குற்றவாளியாகக் கருதப்பட்டுத் தண்டனை பெற்றனர். மேடான் வழக்கறிஞர் வான் டென் பிராண்ட் 1902இல் 'டெலியின் கோடிகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூல் வெளியிட்டு, தோட்டக் கொடுமைகளை அம்பலப்படுத்தினார். அரசு அனுப்பிய ரெம்ரெவ் என்னும் சட்ட அதிகாரி நேரில் ஆராய்ந்து அறிக்கை தந்தார். அவ்வறிக்கையை அரசு வெளியிடவில்லை. 1987இல் யான் பிரேமன் என்னும் சமூகவியல் அறிஞரின் நூல் வாயிலாகவே அது முழுமையாக வெளிவந்தது.

பின்னர் தண்டனை முறை எவ்வாறு தளர்ந்தது? இங்கேதான் வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. டெலி இலையைப் பெருமளவில் வாங்கிய நாடு அமெரிக்கா. அந்நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் 1900 முதல், சுமத்திரா விதையைக் கொண்டு, துணிப்பந்தலின் நிழலில் மேலுறை இலை பயிரிட்டு வந்தனர். அந்நியப் போட்டியை அமெரிக்க உழவர் விரும்பவில்லை. 1930ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டத்தில், தண்டனைக்கு அஞ்சி உழைக்கும் ஒப்பந்தக் கூலிகளால் விளைந்த பொருளுக்குத் தடை விதிக்கும் விதி சேர்க்கப்பட்டது. அவ்வளவே! சந்தை போய்விடும் என்றஞ்சிய டெலிப் புகையிலைக் கம்பெனிகள் 1931இல் தண்டனை ஒப்பந்தத்தைக் கைவிட்டன. மனச்சான்று முப்பதாண்டுகளாகச் செய்ய இயலாததைச் சந்தை ஓராண்டில் செய்து முடித்தது.

1958இல் இந்தோனேசியா ஒல்லாந்தர் தோட்டங்களை நாட்டுடைமையாக்கியது. 1959 முதல் ஏலம் ஜெர்மனியின் பிரேமன் நகருக்கு மாறியது. பிரஸ்காட்டியின் ஏலப் பெருமை பழங்கதையாயிற்று.

புகைப்பழக்கம் உடலுக்குத் தரும் கேட்டை இன்று உலகம் அறியும். எனினும் சுருட்டின் வரலாறு மாணாக்கர் அறியத் தகுந்ததே. ரப்பரும் கரும்பும் தேயிலையும் இதே வரலாற்றின் வேறு பக்கங்கள். நுகர்வோன் பொருளின் தரத்தை மட்டும் மதிப்பிட்டான்; அதை ஆக்கிய கையை மதிப்பிட மறந்தான். அம்மறதியைத் திருத்துவது வரலாறு கற்போரின் கடமையாகும்.