அரண்மனைத் தூண்களும் பால்மரங்களும்: ஸ்ரீ மெனாந்திக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு



சென்ற ஆண்டு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனைக்கு அழைத்துச் சென்றோம். பெரும்பாலோர் சிரம்பானைச் சுற்றியுள்ள முன்னாள் தோட்டப்புறக் குடும்பங்களின் பிள்ளைகள். புல்திடலைப் பார்த்ததும் ஓடினார்கள், படம் எடுத்தார்கள், தூண்களை எண்ணினார்கள். கிளம்பும் நேரத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "எல்லாம் அழகாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. பேருந்தில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வகுப்பிலும் இதே கேள்வி ஒருநாள் வரும்.

முதலில் அரண்மனையைப் பார்ப்போம். சிரம்பானிலிருந்து குவாலா பிலாவுக்குப் போகும் வழியில் புக்கிட் பூத்துஸ் கணவாய் இருக்கிறது. 1875-இல் யாம்துவான் அந்தாவின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்த இடம் அதுதான். அந்தப் போரில் ஸ்ரீ மெனாந்தியில் இருந்த பழைய அரண்மனையை ஆங்கிலேயர் எரித்துவிட்டார்கள். இன்று நாம் பார்க்கும் அரண்மனை துவாங்கு முகமது ஆட்சியில், 1902-இல் தொடங்கி 1908-இல் கட்டி முடிக்கப்பட்டது. காஹார், தாயிப் என்ற இரண்டு மலாய்த் தச்சர்களின் கைவண்ணம் அது. நான்கு அடுக்கு, முழுக்க முழுக்க மரம். ஆணிக்குப் பதில் மர ஆப்புகளைச் செருகிப் பொருத்தியிருக்கிறார்கள். மொத்தம் 99 தூண்கள். பல்வேறு லுவாக்குகளைச் சேர்ந்த 99 வீரர்களை அவை குறிக்கின்றன என்பது மரபு. 1931 வரை அரச குடும்பம் அங்கே வாழ்ந்தது. 1992-இல் அது அருங்காட்சியகம் ஆனது.

பிள்ளைகளிடம் ஒரு ரிங்கிட் நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். அதில் இருப்பவர் துவாங்கு அப்துல் ரஹ்மான், சுதந்திர மலாயாவின் முதல் மாமன்னர். துவாங்கு முகமதுவின் மகன். 1895-இல் பிறந்தவர். அரண்மனை கட்டி முடிந்தபோது அவர் பதின்மூன்று வயதை ஒட்டிய சிறுவன். அவர் அடக்கம் செய்யப்பட்ட அரச கல்லறையும் ஸ்ரீ மெனாந்தியில்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் நோட்டையும் அரண்மனையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இப்போது 1902, 1908 என்ற இரண்டு ஆண்டுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த ஆறு ஆண்டுகளில்தான் இருக்கிறது.

அரண்மனைத் தூண்கள் நிமிர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், நெகிரி செம்பிலானில் காடுகளை அழித்து ரப்பர் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். பால்மரம் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அப்படியென்றால் 1902-இல் நட்ட மரம், அரண்மனை முடிந்த சமயத்தில்தான் பால் கொடுக்கத் தொடங்கியிருக்கும். அதே 1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' காரை வெளியிட்டது. காருக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. மரம் நடவும் பால் வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் பினாங்குக்கு வந்தன.

இதில் இன்னொரு அரச தோட்டத்துக்கும் பங்கு உண்டு. லண்டனில் உள்ள கியூ பூங்கா முதலில் அரச குடும்பத்தின் தோட்டம். 1840-இல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் அங்கேதான் முளைத்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் அரச நகரான குவாலா கங்சாரில் நடப்பட்டன. ஆக, அரச தோட்டத்தில் முளைத்த விதைதான் நம் தாத்தா பாட்டிகளைத் 'தோட்டத்துக்கு' கொண்டுவந்தது. லண்டன் பூங்காவும் தோட்டம், நம்மவர் உழைத்த இடமும் தோட்டம். தமிழில் சொல் ஒன்றுதான், வாழ்க்கைதான் வேறு.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? நிலத்தில் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி பரம்பரை நிலம் தாய்வழியில் இறங்கும். அதைப் பாதுகாக்க 1909-இல் தனிச் சட்டமே வந்தது. நம்மவர்களுக்குக் கிடைத்தது லயத்து வீடு. அது வேலையோடு வந்தது, வேலையோடு போனது. விடியும் முன் பிரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் சேர்த்தவர்கள், தோட்டம் விற்கப்பட்டபோதோ வீடமைப்புத் திட்டமாக மாறியபோதோ மூட்டை கட்ட வேண்டியிருந்தது. அரண்மனையில் 99 வீரர்களுக்கு 99 தூண்கள் நிற்கின்றன. அதே ஆண்டுகளில் காடு வெட்டியவர்களுக்கு எந்தத் தூணும் இல்லை. அவர்கள் நட்ட மரங்களும் இன்று இல்லை. பல இடங்களில் செம்பனை, பல இடங்களில் வீடுகள்.

அரண்மனையைக் குறைத்துப் பேச நான் இதை எழுதவில்லை. அதைக் கட்டிய காஹாரும் தாயிப்பும் உழைப்பாளிகள்தாம். அவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் யாரோ எழுதிவைத்தார்கள். நம்மவர்களைப் பற்றியும் யாராவது எழுதிவைக்க வேண்டும். அதுதான் அந்த மாணவனுக்கு நான் சொல்லும் பதில்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு இரண்டு குறிப்புகள். ரப்பரை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் ரிட்லி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ரிட்லி 1888-இல் சிங்கப்பூர் பூங்காவில் பொறுப்பேற்றவர். மரம் சாகாமல் பால் வெட்டும் முறையை வகுத்ததும், ரப்பர் பயிரிடும்படி தோட்ட முதலாளிகளை வற்புறுத்தியதும்தான் அவர் பணி. அடுத்து, ஒப்பந்த முறையையும் கங்காணி முறையையும் குழப்ப வேண்டாம். ஒப்பந்த முறையில் தொழிலாளி குறிப்பிட்ட காலத்துக்கு ஒரே முதலாளியிடம் கட்டுண்டவர். கங்காணி முறையில் தோட்டத்தில் வேலை செய்தவரே ஊருக்குப் போய்த் தம் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்து வந்தார். 1910-இல் ஒப்பந்த முறை ஒழிந்தபின் கங்காணி முறையே ஓங்கியது. விடையில் ஆண்டு, காரணம், விளைவு மூன்றும் இருக்கட்டும்.

ஆசிரியர்களே, பயணத்துக்கு முன் அரண்மனை திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக்காக மூடப்படுவதும் உண்டு. பயிற்சித் தாளில் தூண்களின் எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல் வீட்டுப்பாடமாக மூன்று கேள்விகள் கொடுங்கள். உங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருந்தது? அந்தத் தோட்டத்தை நம்மவர்கள் தமிழில் என்ன பெயரிட்டு அழைத்தார்கள்? அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் ஒரு பெயரும் தமிழில் வேறொரு பெயருமாகப் பல தோட்டங்கள் இருந்தன. அந்தத் தமிழ்ப் பெயர்கள் பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன, அவர்களோடு போய்விடக்கூடியவை.

எங்கள் வகுப்பில் இந்தக் கேள்விகளைக் கொடுத்தபோது, கேள்வி கேட்ட அதே மாணவன் ஒரு பக்கம் எழுதி வந்தான். "பாட்டி ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாங்க டீச்சர்," என்றான். இதுவரை யாரும் பாட்டியிடம் கேட்டதில்லையாம்.

கேளுங்கள். எழுதி வையுங்கள்.