வேட்டைவெளியில் வெந்த இறால்

லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, தெலாக்ருவாவின் 'சிங்கி இறால்கள்' ஓவியத்தில் வெளிப்படையான பொருத்தமின்மை ஒன்று உண்டு. திறந்த புல்வெளியில் அப்போதுதான் சுட்டு வீழ்த்திய முயலும் பறவைகளும் கிடக்கின்றன. அருகே துப்பாக்கி, வலைப்பை, ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட துணி. நடுவே இரண்டு சிங்கி இறால்கள், செக்கச்செவேலென்று. நம் கடற்கரை இனமல்ல. பெரிய இடுக்கிகள் கொண்ட ஐரோப்பிய இனம். உயிரோடிருக்கையில் அதன் ஓடு கருநீலமாக இருக்கும். புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கும் செந்நிறமி வெப்பத்தில் விடுபட்டால்தான் சிவக்கும். ஆக, இவை வெந்தவை. வேட்டைக்களத்தில் வெந்த இறாலுக்கு என்ன வேலை?

நிறத்திற்காக என்பதே என் எண்ணம். தொலைவில் செவ்வங்கி அணிந்த வேட்டைக்காரர்கள் குதிரையில் செல்கிறார்கள். அந்தச் சிறு சிவப்புத் துளிகளுக்கு முன்தளத்திலிருந்து எதிரொலி தருவது இந்த ஓடுகள்தாம். உண்மையா நிறமா என்ற கேள்வி எழுந்தபோது தெலாக்ருவா தயங்கவில்லை.

இந்தத் துணிச்சலின் அளவு புரிய, பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் படிநிலையை நினைவுகொள்ள வேண்டும். 1667இல் ஃபெலிபியன் வகுத்த வரிசையில் மனித உருவமே உச்சி. உயிருள்ள விலங்குகளை வரைபவர், செத்தவற்றை வரைபவரைவிட மேலானவர். பிரெஞ்சில் இந்த ஓவிய வகைக்குப் பெயரே 'இறந்த இயற்கை' என்பதுதான். சாப்பாட்டு மேசையிலும் சமையலறையிலும் அடங்கியிருந்த அதை, தெலாக்ருவா வானமும் மேகமும் உள்ள நிலக்காட்சிக்குள் கொண்டுபோய்ப் போட்டார். 1824 பாரிஸ் கண்காட்சியில் கான்ஸ்டபிளின் ஓவியங்களைக் கண்டதும், மறு ஆண்டு இங்கிலாந்து சென்று வந்ததும் அந்த ஈரவானில் தெரிகின்றன.

ஜெனரல் கொயட்லோஸ்கேவுக்காக 1826-27இல் வரையப்பட்ட இப்படம், 1827-28 கண்காட்சியில் இடம்பெற்றது. அதே கண்காட்சியில்தான் அவருடைய 'சார்தனபாலஸின் மரணம்' கடும் கண்டனத்திற்கு உள்ளானது. பாணியை மாற்றாவிட்டால் அரசுப் பணிகள் கிடைக்காதென்று கலைத்துறை அதிகாரி லா ரோஷ்ஃபுக்கோ எச்சரிக்கும் அளவுக்கு. அந்தப் பேரோவியத்தில் மனித உடல்களும் பட்டும் பொன்னும் குவிந்து கிடக்கும் விதத்தையும், இங்கே இறகும் ரோமமும் ஓடும் குவிந்து கிடக்கும் விதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே கை. படிநிலையின் உச்சிக்கும் அடிக்கும் அந்தக் கை வேறுபாடு காட்டவில்லை.

இறால்கள் மொரோ-நெலத்தோனின் கொடையாக 1906இல் அரசுச் சேகரிப்பை அடைந்தன. சார்தனபாலஸை லூவர் வாங்கியதோ 1921இல்.