புகை எங்கே போகும்? ஒரு கணக்கின் கதை

1/ ஒரு ஆலை காலையிலும் மதியத்திலும் ஒரே அளவு புகையைத்தான் விடுது. ஆனா காலையில் அது உங்க மூக்குல, மதியம் எங்கோ மேலே. இதைக் கணக்கு போட மனுசன் முதல்ல கத்துக்கிட்டதுல பெரும்பங்கு ஆளைக் கொல்வதற்காகங்க. நம்புவீங்களா?

2/ 1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மனி குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதே செப்டம்பரில் பிரான்சின் லூஸில் பிரிட்டன் திறந்துவிட்ட வாயு, பல இடங்களில் அவங்க பதுங்குகுழிக்கே திரும்பி வந்துடுச்சு. விஷம் மட்டும் போதாது, காற்றும் புரியணும்னு அப்போ உறைச்சது.

3/ 1916இல் போர்ட்டன் டவுனில் ஆய்வுக்கூடம் வந்தது. வாயு மேகம் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு நீர்த்துப் போகும்? பல வருடம் அங்கே அளந்தார்கள். சட்டன், பாஸ்குவில் ரெண்டு பேரும் அங்கே வேலை பார்த்தவங்க.

4/ 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, லண்டன். மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று. பானைக்கு மூடி போட்ட மாதிரி நிலக்கரிப் புகை தரையிலேயே தேங்கியது. முதல் கணக்கில் சுமார் 4,000 பேர் இறப்பு. பிந்தைய மதிப்பீடுகள் 12,000 வரை போகுது. பெரும்பாலும் முதியவர்கள், ஏற்கெனவே நுரையீரல், இதய நோய் உள்ளவர்கள்.

5/ 1961இல் பாஸ்குவில் ஒரு எளிய முறையை வெளியிட்டார். காற்றின் வேகம், வெயில், இரவு மேகம். இவற்றைப் பார்த்தே வளிமண்டலத்தை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரிக்கலாம். ஏ என்றால் சுள்ளென்ற வெயில், புகை நல்லாக் கலையும். எஃப் என்றால் தெளிந்த, காற்றில்லாத இரவு.

6/ மத்ததெல்லாம் மாறாம காற்றின் வேகம் மட்டும் இரட்டிப்பானா புகையின் செறிவு பாதியாகும். புகைபோக்கி உயர்ந்தா தரையில் செறிவு இன்னும் வேகமாக் குறையும். போர்க்களத்துக் கணக்கு இப்படித்தான் ஊரைக் காக்க வந்தது.

7/ ஆனா ஒண்ணு கவனிங்க. உயரமான புகைபோக்கி விஷத்தைக் குறைக்கல, தூரமா அனுப்புது. பிரிட்டனின் கந்தகப் புகை நார்வே, ஸ்வீடனில் அமில மழையாகப் பெய்தது. லண்டனைக் காப்பாற்றியதில் முக்கியமானது, வீட்டு அடுப்பிலேயே கைவைத்த 1956 தூய காற்றுச் சட்டம்.

8/ வீட்டில் ஆஸ்துமா, சிஓபிடி நோயாளி இருக்காங்களா? பனிக்காலத்தில் காற்று அசையாத விடியற்காலை, பாஸ்குவிலின் எஃப் வகைக்குப் பக்கம். வெயில் ஏறி, தேங்கின புகை கலைஞ்ச பிறகு நடக்கச் சொல்லுங்க. இன்ஹேலரை விடாம எடுக்கச் சொல்லுங்க. குப்பையை எரிக்காதீங்க, அந்தப் புகைக்குப் புகைபோக்கியே கிடையாது.