ரோபோ உதைபந்தாட்டமும் அறிவுப் பகிர்வும்

கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பது ஆன்றோர் கருத்து. ஆயினும், போட்டிக் களத்தில் நிற்போன் தன் நுட்பத்தை எதிரணிக்கு ஈதல் அறிவுடைமையாகுமா என்னும் வினா எழுதல் இயல்பே. பல்கலைக்கழக மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே பங்குகொள்ளும் ரோபோ உதைபந்தாட்டப் போட்டியின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

1997ஆம் ஆண்டு மே மாதத்தில் 'டீப் புளூ' என்னும் கணினி, சதுரங்க வீரர் கஸ்பரோவை வென்றது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலே யப்பானின் நகோயா நகரில் 'ரோபோகப்' என்னும் உலகப் போட்டி முதன்முதலாக நடைபெற்றது. 2050ஆம் ஆண்டளவில் மனித உருக்கொண்ட ரோபோ அணியொன்று, உலகக் கிண்ணம் வென்ற மனித அணியைத் தோற்கடித்தல் வேண்டும் என்பதே இதனைத் தொடங்கிய அறிஞர் வகுத்த இலக்கு. அரை நூற்றாண்டுக்கு நீளும் இப்பணியை எக்குழுவும் தனித்து முடித்தல் இயலாது. ஆகவே, அணிகள் தம் முறைகளைக் கட்டுரையாக எழுதி வெளியிடும் வழக்கம் இங்கு வேரூன்றியது.

இப்போட்டியின் ஒரு பிரிவு முற்றிலும் கணினிக்குள்ளேயே நிகழ்வது. அதில் ஒவ்வோர் ஆட்டக்காரனும் தனித்தனி நிரல். வினாடியில் பத்திலொரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை அவன் செய்வது யாதெனத் தீர்மானித்தல் வேண்டும். தான் நிற்கும் இடத்தைக் கணித்தல், பந்தை அடக்குதல், தோழனுக்கு அனுப்புதல் ஆகிய அடிப்படைத் திறன்களை அமைப்பதிலேயே புதிய அணியின் உழைப்பிற் பெரும்பகுதி கழிந்துவிடும்.

1999ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோமில், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக அணி எட்டு ஆட்டங்களில் 110 கோல்களைப் போட்டு, ஒன்றையேனும் விடாது வாகை சூடியது. பின்னர் அவ்வணியினர் தம் நிரலின் அடிப்படைப் பகுதியை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். போர்த்துக்கலின் அவெய்ரோ, போர்ட்டோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் அதனை அடித்தளமாகக் கொண்டு, ஆட்டக்காரர் சூழ்நிலைக்கேற்ப இடமும் பணியும் மாற்றிக்கொள்ளும் புதிய முறையை அதன்மேல் எழுப்பினர். 2000ஆம் ஆண்டு மெல்பேணில் 94 கோல்களைப் போட்டு, ஒன்றும் விடாது கிண்ணத்தை வென்றவர் இவர்களே. முன்னை வெற்றியாளரின் வழிவந்த அணி மூன்றாம் இடமே பெற்றது. கொடுத்தோர் தோற்றனர் என்பது மறைக்கவியலாத உண்மை. எனினும், வழக்கம் நின்றுவிடவில்லை. 2003ஆம் ஆண்டு வென்ற அம்ஸ்ரடாம் அணியும் தன் அடிப்படை நிரலைப் பிறருக்கு வழங்கியது.

நிரலைப் படியெடுத்தல் எளிது; உடலைப் படியெடுத்தல் அரிது. மனித உருவ ரோபோவின் முழங்காலும் கணுக்காலும் விழாது நிற்கச் செய்வதிலேயே வசதி குறைந்த கல்லூரியின் பணமும் காலமும் கரைந்துவிடும். இத்தடையை நீக்கிய முயற்சிகளுள் ஒன்று, 2010ஆம் ஆண்டு வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தாரும் கொரிய நிறுவனமாகிய ரொபோடிசும் பிறரும் கூடி ஆக்கிய 'டார்வின்-ஓபி' ஆகும். ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உயரமும் இருபது மூட்டுகளும் கொண்ட அதன் உறுப்பு வரைபடங்களும் நிரலும் வெளிப்படையாக வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டு இஸ்தான்புல்லில் சிற்றுருவப் பிரிவின் கிண்ணத்தை வென்றதும் அவ்வகை ரோபோக்களே. யேர்மனியின் பொன் பல்கலைக்கழகத்தார் முப்பரிமாண அச்சுப்பொறியில் உறுப்புகளை ஆக்கி, திறந்த வடிவமைப்பாகச் செய்த 'நிம்ப்ரோ-ஓபி2', ஏறத்தாழ 135 சென்ரிமீற்றர் உயரமுடையது. 2017ஆம் ஆண்டு மீண்டும் நகோயாவிலேயே நடந்த போட்டியில் அது பேருருவப் பிரிவில் முதலிடம் பெற்றது.

பிறர் வரைபடத்தைப் பெறும் மாணவன் சிந்தியாது படியெடுப்பான் என்பது ஒரு தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. இதனாலேயே அணிகள் தம் புத்தாக்கம் யாதென அறிக்கையிற் கூறுமாறு கேட்கப்படுகின்றன. பள்ளி மாணவருக்கான பிரிவிலும், தம் ரோபோ இயங்கும் வகையை மாணவர் தாமே நடுவருக்கு விளக்குதல் வேண்டும். விளக்க இயலாதவனுக்குக் கடன்பெற்ற வரைபடம் உதவாது.

கொடுத்தோர் அடுத்த ஆண்டின் கிண்ணத்தை இழந்தனர். ஆயின் அவர் நின்ற படியிலிருந்தே பின்வந்தோர் ஏறத் தொடங்கினர். 2050ஆம் ஆண்டுக்கென வகுத்த இலக்கு என்றேனும் கைகூடுமாயின், அவ்வெற்றி தோற்ற அணிகளுக்கும் உரியதாகும்.