மாமோட் நீராவி எஞ்சின் மாதிரிகளும் அவற்றின் மாற்றங்களும்

வேல்சின் பென்ரின், டினார்விக் கற்பலகைக் குவாரிகளில் ஏறத்தாழ 2 அடி அகலப் பாதையில் நான்கு சக்கர நீராவி எஞ்சின்கள் சுமை இழுத்தன. இத்தகைய தொழிலக எஞ்சின்களை 1 அடிக்கு 16 மில்லிமீட்டர் என்ற கணக்கில் சுருக்கினால் பாதையின் அகலம் 32 மில்லிமீட்டராகும். 'ஓ' வகைப் பொம்மைத் தண்டவாளத்தின் அகலமும் இதுவே. அதனால் இந்த அளவு பிரித்தானிய மாதிரி ஆர்வலர்களிடையே பரவியது.

1937-இல் ஜெஃப்ரி மாலின்ஸ் பர்மிங்காமில் தொடங்கிய மாமோட் நிறுவனம், 1980-ஐ ஒட்டி இந்தப் பாதையில் ஓடும் எளிய நீராவி எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொதிகலனுக்கு அடியில் எரிபொருள் வில்லைகள் எரிந்தன. பற்றவைத்த பின் தீயைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. எனவே எஞ்சின் முதலில் விரைந்தோடி, விரைவில் தளர்ந்தது.

இக்குறையே மாற்றங்களுக்கு வழிவகுத்தது. ஆர்வலர்கள் வில்லைத் தட்டை நீக்கி, திருகால் தீயைக் கட்டுப்படுத்தக்கூடிய எரிவாயு அடுப்பைப் பொருத்தினர். உருளைகளுக்கு எண்ணெய் செலுத்தும் கலமும் அழுத்தமானியும் சேர்த்தனர். கனமான பெட்டிகளை இணைத்தபோது எஞ்சின் நிதானமாக ஓடியது.

அழுத்தத்தை உயர்த்துவதற்கு எல்லை இருந்தது. இதன் ஊசலாடும் உருளைகளை ஒரு சுருள்வில்லே நீராவித் துளைகளோடு அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் மிகுந்தால் உருளை விலகி நீராவி கசியும். பாதுகாப்பு அடைப்பிதழை இறுக்குவதோ, நீர் வற்றிய கொதிகலனைச் சூடாக்குவதோ ஆபத்தானது. ஆகவே, சீரான ஓட்டம் கூடுதல் அழுத்தத்தால் அல்ல, தீயை அளவோடு ஆள்வதால் கிடைத்தது.